உரிமை: கொடையா, கிழமையா?

தமிழிலக்கணம் பயின்றோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை எண்ணப் புகுந்த பவணந்தியார் முதற்கண் வைத்தது கொடை. 'இரவலர்க்குப் பொன் கொடுத்தான்' என்றால், கொடுத்தவன் ஒருவன், கொண்டவன் வேறொருவன். கொடுக்கும் கணம் வரையிலும் அப்பொன் கொடுத்தவனுடையதே. ஆறாம் வேற்றுமைக்குரிய பொருளோ கிழமை. நாளைக் குறிக்கும் சொல்லாக இன்று வழங்கினும், கிழமை என்பதற்கு உரிமை என்பதே பழம்பொருள். 'சாத்தனது கை', 'சாத்தனது வீடு' என்னும்போது கொடுத்தவன் ஒருவனை அத்தொடர் வேண்டி நிற்பதில்லை. கை சாத்தனுடையது, அவ்வளவே.

நாடுகளின் அரசியல் யாப்புக்களிலே எடுத்துக் கூறப்படும் அடிப்படை உரிமைகள் இவ்விரு வேற்றுமைகளுள் எதனைச் சார்ந்தவை? அரசு குடிகளுக்குக் கொடுத்தவையா? குடிகளுடையனவாய் முன்னரே நின்றவற்றை அரசு ஏற்றுக்கொண்டதா? இது சொல்லளவில் நிற்கும் வினா அன்று. கொடுக்கப்பட்டதாயின் கொடுத்தவன் அதனைக் குறைக்கலாம், மீட்டும் கொள்ளலாம், கொண்டவன் நன்றி கூறலாமேயன்றி முறையிட இடமில்லை. முன்னரே உரியதாயின், அதனைப் பறிக்கும் அரசு தன் பொருளை மீட்கும் புரவலன் ஆகாது. பிறர் பொருளைக் கவரும் கள்வனே ஆகும்.

மேனாட்டிலே இவ்வழக்கு நெடுங்காலமாக நிகழ்கின்றது. உயிர், சுதந்திரம், உடைமை என்பன அரசு தோன்றுமுன்னரே மனிதருக்கு உரியன என்றும், அவற்றைக் காத்தற்பொருட்டே மக்கள் அரசை அமைத்தனர் என்றும் பதினேழாம் நூற்றாண்டிலே ஜோன் லொக் வாதித்தார். சட்டம் பெற்ற பிள்ளையே உரிமை. சட்டத்துக்கு முன் உரிமை என்பது வெறும் பிதற்றல் என்று பின்வந்த ஜெரமி பெந்தம் எள்ளினார். இவ்விரு கட்சிகளையும் நிறுத்துப் பார்ப்பதற்குத் தேம்ஸ் நதிக்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை. எங்கள் தீவகத்திலேயே அதற்கு வேண்டிய சான்றுகள் உள.

நயினாதீவுக் கல்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே பழைய கல்வெட்டொன்று உண்டு. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஆணையிட்டவன் சிங்கள மன்னன். ஆணையின் மொழி தமிழ். யாரை அவ்வாணை கட்டுப்படுத்துமோ அவர்க்கு விளங்கும் மொழியிலேயே அது வெட்டப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

அது கூறுவது யாது? பிறநாட்டார் ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோனால், காலில் ஒரு பங்கைப் பண்டாரம் எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உரியவனுக்கு விடுதல் வேண்டும். வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால், செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உரியவனுக்கு. ஞாயிறும் திங்களும் உள்ளவரை இவ்விதி நிற்கும்பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கொடையாகவே தோன்றும். கடலிலே எல்லாம் இழந்து, ஈர ஆடையோடு கரையேறிய அந்நியன் ஒருவனுக்கு மன்னன் மனமிரங்கிப் பாதிப் பொருளை அளித்தான் என்பர். சற்று நின்று நோக்குக. அப்பொருள் எவனுடையது? அவனை உரியவன் என்று ஆணையே ஒப்புக்கொள்கின்றது. கலம் உடைந்தமையால் கிழமை உடைந்துவிடவில்லை. ஆதலின் மன்னன் செய்தது கொடுத்தல் அன்று, விடுதல். தானும் தன் அதிகாரிகளும் கரையோரத்தாரும் எவ்வளவுக்குமேல் கைவைத்தலாகாது என எல்லை வகுத்ததே அவ்வாணையின் சிறப்பு. கொள்ளைக்கு எல்லை கட்டிய அளவில் அம்மன்னனைப் போற்றுவோம்; எடுத்துக்கொண்ட பாதியைக் கொடை என்று போற்ற வேண்டுவதில்லை.

இன்னுமொன்று. யானைக்கும் குதிரைக்கும் முக்காற் பங்கு. ஏனைய சரக்குக்கு அரைப்பங்கு. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆணை மறைக்கவில்லை: யானையையும் குதிரையையும் மன்னன் விரும்பினான். குதிரை வணிகன் இழந்ததும் புடைவை வணிகன் இழந்ததும் இழப்பளவில் ஒன்றே. எனினும் ஒருவன் பங்கு மிகுந்தது. மற்றவன் பங்கு குறைந்தது. கொடையாக நோக்கப்படும் உரிமையின் இயல்பு இது. பெறுவோனுடைய தகுதியை அது அளப்பதில்லை. தருவோனுடைய தேவையையே அளக்கும்.

எழுதப்படுமுன் இருந்த வழமை

கல்வெட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டு கடந்து ஒல்லாந்தர் காலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார், ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்படி, இந்நாட்டு வழமைகளை 1706இல் தொகுத்தார். அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் உடன்பட்டபின் 1707இல் அது நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்கு முழு வலுவும் அளித்தனர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என உடைமையை வகுத்த முறையும், பங்காளிக்கு அறிவியாமற் காணியைப் பிறனுக்கு விற்றலாகாது என்னும் விதியும் ஒல்லாந்தர் தந்தவை அல்ல. ஒல்லாந்தர் கப்பல் இக்கடலிலே தோன்றுமுன்னரே வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் பெண்கள் சீதனக் காணிக்கு உரியராய் இருந்தனர். இலக்கணம் இயற்றியவன் மக்களுக்குப் பேச்சைக் கொடுத்தானல்லன். பேச்சு நிகழ்வதைக் கண்டு விதி எழுதினான். அங்ஙனமே ஒல்லாந்தரும் இருந்ததைக் கண்டு எழுதினர்.

பெந்தத்தின் கட்சி இவ்விடத்தில் தோற்றுவிட்டது என நாம் மகிழலாம். ஆயின் அம்மகிழ்ச்சி நெடிது நிலையாது. அதே தேசவழமையில் ஓர் இயல் ஆண் அடிமைகளையும் பெண் அடிமைகளையும் பற்றியது. சீதனக் காணிக்கு விதி கூறிய வழமையே, மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்வதற்கும் விதி கூறியது. சாத்தனது காணி என்றது போலவே சாத்தனது அடிமை என்றும் அது பேசிற்று. வழமை சரியாக எழுதப்பட்டதா என்று பன்னிரண்டு முதலியார்களிடம் கேட்டனர்; அவர்களும் ஆம் என்றனர். அவ்வியலிலே பேசப்பட்டவர்களிடம் எவரும் கேட்டிலர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இலங்கையில் அடிமை முறையை ஒழித்தது.

அரசுக்கு முந்தியது எல்லாம் உரிமை எனின், அடிமை வைத்திருந்தவனது உரிமையும் முந்தியதே. அரசு தந்ததே உரிமை எனின், 1844க்கு முன் அடிமையாயிருந்தவனுக்கு யாதோர் அநீதியும் நிகழவில்லை என்று கூற நேரும். இரண்டும் நெஞ்சம் ஒப்பாதவை. ஆதலின் முந்துதல் என்னும் சொல்லை நாம் திருத்தமாகப் பொருள்கொள்ள வேண்டும். உரிமை அரசுக்கு முந்தியது என்பது காலத்தால் முந்தியது என்றாகாது. முறையால் முந்தியது என்பதே ஆகும். அரசாணையையும் ஊர் வழமையையும் ஒருங்கே நிறுத்தி, இது வழு, இது வழாநிலை என்று கூற இடந்தருகின்ற அளவுகோல் எதுவோ அதுவே உரிமை. 1844இலே சட்டம் அடிமைக்குச் சுதந்திரத்தைக் கொடுக்கவில்லை. அவனுடையதை அவனிடம் விட்டது. தமிழர் அதனை விடுதலை என்று வழங்குவது பொருத்தமே.

இவ்வழு பழங்கதையாய் முற்றும் ஒழிந்ததென்றும் எண்ணற்க. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவேண்டின் கணவனது எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் காரணமின்றி மறுப்பின் மாவட்ட நீதிமன்றை நாடலாம். 1978ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, சட்டத்தின் முன் யாவரும் சமம் எனப் பன்னிரண்டாம் உறுப்புரையிற் கூறுகின்றது. ஆயின் அதே யாப்பின் பதினாறாம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்படினும் முன்னிருந்த சட்டங்கள், எழுதியனவும் எழுதாதனவும், செல்லும் என்கின்றது. வழுவென அறிந்தும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்வதை இலக்கணத்தார் வழுவமைதி என்பர். அரசியல் யாப்பின் வழுவமைதி இது. இலக்கணத்தில் வழுவமைதியால் எவருக்கும் இழப்பில்லை. இங்கே இழப்பவர் உளர்.

கொடையும் பகையும்

இனிப் பெந்தத்தின் கட்சிக்குரிய வலிமையையும் மறைக்காமற் கூறுதல் முறை. நீதிமன்றும் சட்டமும் துணைநில்லாத உரிமையால் யாது பயன் என்பது அவர் வினா. அதற்கு மலையகத் தமிழரின் வரலாற்றினும் கூரிய சான்று வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தேயிலையையும் இறப்பரையும் வளர்த்த இலட்சக்கணக்கானோர் எந்நாட்டினருமல்லர் ஆயினர். வாக்குரிமையும் அதனோடு போயிற்று. இருபத்தைந்து நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் நாள், ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் குடியாயிருக்கும் உரிமை உண்டு என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் உலகறியக் கூறிற்று. இலங்கை அக்காலத்தில் அம்மன்றில் உறுப்பு நாடாய் இருக்கவில்லை. தோட்டத்து லயத்தில் இருந்தவனுக்கு அப்பிரகடனம் எட்டவும் இல்லை, உதவவும் இல்லை.

வழக்கு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் குடிகள் யாவர் என வரையறுத்தல் சட்டமன்றத்துக்கு இயல்பாயுள்ள அதிகாரம் எனக் கூறி 1953இல் அது முறையீட்டைத் தள்ளிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்கள் கூடி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் எனப் பகுத்துக்கொண்டனர். பகுக்கப்பட்டோரை எவரும் கேட்டதில்லை. நயினாதீவுக் கல்லிலே முக்காலும் அரையுமாகப் பங்கிடப்பட்டவை சரக்குகள். இங்கே பங்கிடப்பட்டவர்கள் மாந்தர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமையை அளித்தது. அதன் தலைப்பும் வழங்குதல் என்றே பேசுகின்றது.

குடியுரிமையும் வாக்கும் நாடென ஒன்று இருந்தாலன்றி இரா. ஆதலின் அவை கைபோலப் பிரிக்கவொண்ணாத தற்கிழமை அல்ல. வீடுபோலப் பிரியத்தக்க பிறிதின்கிழமையே என்று ஒருவர் வாதிக்கலாம். வாதிக்கட்டும். பிறிதின்கிழமையும் கிழமைதானே? வீடு பிரிக்கத்தக்கது என்பதனால் சாத்தனை அதிலிருந்து துரத்துதல் நேர்மையாகிவிடாது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்துத் திறவுகோலைத் திருப்பிக் கொடுப்பவன், வீட்டைத் தானம் செய்ததாகச் சாசனம் எழுதுதலும் முறையன்று. நான்காம் வேற்றுமைப் பொருள்களை அடுக்கிய பவணந்தியார் கொடையை அடுத்து வைத்தது பகை. அவர் கருதியது வேறாயினும், 1948ஐயும் 2003ஐயும் அடுத்தடுத்து நோக்குவார்க்கு அவ்வைப்பு முறை நினைவுக்கு வாராமற் போகாது. கொடுக்கும் உருபும் பகைக்கும் உருபும் ஒன்றே.

உயிர் யாருடையது?

பிறிதின்கிழமையை விடுத்துத் தற்கிழமைக்கு வருவோம். உயிரினும் நெருங்கிய கிழமை ஒருவனுக்கு யாது உண்டு?

1975இல் இந்தியாவிலே அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுக்களோடு நீதிமன்றுகளை நாடினர். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் இருபத்தோராம் உறுப்புரையைச் செயற்படுத்தும் வழி நிறுத்திவைக்கப்பட்டிருத்தலின் மனுக்கள் செல்லா என அரசு வாதித்தது. காவலன் ஒருவன் பகைமையால் ஒருவனைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதியரசர் ஹன்ஸ் ராஜ் கன்னா வினவினார். அவசரநிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அரசின் வழக்குரைஞர் விடை. 1976 ஏப்ரல் 28ஆம் நாள், ஐவருள் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மறுத்தார். அவ்வுறுப்புரை யாப்பில் எழுதப்படாதிருந்தாலும், சட்டத்தின் ஆணையின்றி ஒருவன் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு தலைமை நீதியரசர் பதவி முறைப்படி அவருக்கு வரவேண்டியிருந்தும், அவருக்கு இளையவருக்கு அளிக்கப்பட்டது. அவர் பதவியைத் துறந்தார். 2017இலே ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் அந்நால்வர் தீர்ப்பைப் பிழையென நீக்கிற்று. உயிரும் சுதந்திரமும் அரசியல் யாப்பு ஈந்த பரிசில்கள் அல்ல என அது கூறிற்று. நால்வருள் ஒருவர் ஒய். வி. சந்திரசூட், அத்தீர்ப்பைப் பிழையென எழுதியவர் அவர் மகன் டி. வை. சந்திரசூட்.

இந்தியாவிலே உயிருரிமை யாப்பில் எழுதப்பட்டிருந்தும் இவ்வழக்கு எழுந்தது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பிலோ உயிர்வாழும் உரிமை எனத் தனித்து எடுத்துக்கூறும் உறுப்புரையே இல்லை. பெந்தத்தின் கட்சியை இறுதிவரை கொண்டுசெல்வார், எழுதப்படாதது இல்லாததே என்று துணிய வேண்டும். அத்துணிபை எங்கள் கடலிலே வைத்துப் பார்க்க.

1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குமுதினி என்னும் படகு புறப்பட்டது. நாள்தோறும் தீவகத்தாரை ஏற்றிச் செல்லும் படகு அது. நடுக்கடலிலே மறிக்கப்பட்ட அப்படகில் இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அவருட் பெண்டிரும் குழந்தையும் உளர். மறித்தவர்கள் கடற்படையினர் என உயிர்தப்பினோர் சாட்சி கூறினர், அரசு மறுத்தது. குற்றவாளியென எவரும் தண்டிக்கப்படவில்லை. யாப்பில் எழுதப்படாமையால், அப்படகில் இருந்தோர்க்கு அன்று உயிர்வாழும் உரிமை இல்லை என்று கூறும் நா எவர்க்கேனும் உண்டா? உரிமை இருந்தது, காப்பே இல்லாதொழிந்தது. உரிமையின்மையும் காப்பின்மையும் ஒன்றெனக் கொள்வதே பெந்தத்தின் கட்சியிலுள்ள குற்றம். களவு போன பொருளுக்கும் உரியவன் உண்டு. உரியவன் இருத்தலினாலன்றோ அதற்குக் களவு என்று பெயர்?

காலம் தாழ்த்தேனும் இலங்கையின் உயர் நீதிமன்றமும் இவ்வுண்மையை நெருங்கிற்று. காவலில் வைக்கப்பட்டிருந்து இறந்த ஒருவரின் மனைவி தொடர்ந்த வழக்கிலே, தகுதிவாய்ந்த நீதிமன்றின் கட்டளையாலன்றி எவரையும் மரணத்தால் தண்டித்தலாகாது என்னும் உறுப்புரையினுள்ளே உயிர்வாழும் உரிமை உட்கிடையாய் உள்ளது என 2003இல் அது தீர்ப்பளித்தது. எழுத்திலே வெளிப்படாது நின்ற பொருளை நீதியரசர்கள் உரையாசிரியர் போன்று விரித்துரைத்தனர். மூலத்தில் இல்லாததை உரையாசிரியன் படைக்கின்றானல்லன்; இருந்ததைக் காட்டுகின்றான்.

எழுத்து எதற்கு?

உரிமை முன்னரே உளதாயின் யாப்பு எதற்கு, எழுத்து எதற்கு என்று மாணவர் வினவலாம். நல்ல வினா. பராக்கிரமபாகுவின் ஆணை கல்லில் எழுதப்பட்டமையாற்றான், துறைமுக அதிகாரி ஒருவன் முக்காலைக் கால் ஆக்குதல் அரிதாயிற்று. எழுத்து உரிமையைப் பிறப்பிப்பதில்லை. மறுப்பவன் வாயை அடைக்கின்றது. ஆதலின் எழுதுதல் வேண்டும். எழுதியதைக் காக்கும் நீதிமன்றும் வேண்டும். அந்நீதிமன்றை அடையும் வழியும் வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றில் மனுச் செய்தல் வேண்டும் என்பது யாப்பின் 126ஆம் உறுப்புரை விதி. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அதற்குள் முறையிடின், விசாரணை நடைபெறும் காலம் அம்மாதத்திற் கணக்கிடப்படாது என 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சலுகை செய்கின்றது. நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணம் சென்று, பின்னர் கொழும்பை அடைய வேண்டியவனுக்கு இவ்விதியை அறிந்திருத்தல் உரிமையை அறிந்திருத்தலினும் உடனடியாகப் பயன்படும். ஆசிரியர்கள் இதனையும் கற்பித்தல் நன்று.

இறுதியாக ஒன்று. வகுப்புக்களிலே குடியியற் பாடம் நடத்துவோர், 'அரசியல் யாப்பு மக்களுக்கு உரிமைகளை வழங்குகின்றது' என்று எழுதுவித்தல் பெருவழக்காய் உளது. யாப்புத்தானும் அவ்வாறு கூறவில்லை. அதன் நான்காம் உறுப்புரை, யாப்பினால் வெளிப்படுத்தப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட உரிமைகளை அரசின் உறுப்புக்கள் யாவும் மதித்துக் காத்து மேம்படுத்த வேண்டும் என்றே பேசுகின்றது. வெளிப்படுத்தல் உள்ளதற்கே இயலும். ஏற்றுக்கொள்ளல் பிறருடையதற்கே பொருந்தும். ஆகவே மாணவனது ஏட்டிலே 'வழங்குகின்றது' என்பதை அடித்து 'ஏற்றுக்கொள்கின்றது' என்று திருத்துக. சிறு திருத்தந்தான். ஆயின் வழங்கப்பட்டது என்று கற்றவன், அது பறிபோகும் நாளிலே இரந்து நிற்பான்; தன்னது என்று கற்றவன் கேட்டு நிற்பான்.